புகையும் பொறுமையும்

குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் பகுதியிலே மதுவைப் பற்றி எழுதலாமா என்று முகஞ் சுளிப்போர் இருக்கக்கூடும். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். தவறணை வாசலிலே காணியையும் காப்பையும் இழந்த குடும்பத்தை அறியாத ஊர் நம் நாட்டில் இல்லை. ஆயினும், ஒரு பொருளுக்கு அஞ்சுவதற்கும் அதனை அறிவதற்கும் பகையில்லை. பாம்பின் இயல்பை அறிந்தவனைப் பாம்பின் உறவினன் என்று எவரும் சொல்வதில்லையன்றோ? நாம் இங்கே சொல்லப் புகுந்தது குடியின் பெருமையன்று. மழையும் காற்றும் ஓயாத ஒரு சிறு தீவிலே மனிதர் புகையையும் காலத்தையும் ஒரு பீப்பாவுக்குள் அடைத்து வைக்கின்றனர். அதனை எவ்வாறு செய்கின்றனர், ஏன் அத்தனை ஆண்டு காத்திருக்கின்றனர், காத்திருந்து பெற்றதை எவ்வாறு சுவைக்கின்றனர் என்பனவற்றையே எழுதுகிறோம்.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹெப்ரிடீஸ் தீவுகளின் தென்பகுதியில் உள்ளது அத்தீவு. ஆங்கில எழுத்தைக் கண்டு வாசிப்போர் 'இஸ்லே' என்பர்; அவ்வூரார் வாயில் அது 'ஐலா'. பரப்பு ஏறத்தாழ 620 சதுர கிலோமீற்றர். நமது யாழ்ப்பாண மாவட்டத்தின் பாதிக்குச் சற்று மேல். மக்களோ மூவாயிரத்துச் சொச்சம் பேர்தாம். இத்தனை சிறிய இடத்திலே பத்தளவில் வடிசாலைகள் உள்ளன. அவற்றுள் மூத்ததாகிய பௌமோர் 1779ஆம் ஆண்டில் தோன்றியது. தெற்குக் கரையிலே லப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்னும் மூன்றும் ஒரே நடைபாதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், ஸ்கொட்லாந்துக்காரரான நண்பர் ஒருவரோடு நாம் அப்பாதையில் நடந்திருக்கிறோம். சுவர்கள் வெள்ளை, கூரைகள் கறுப்பு, கடல் சுவரடியிலே வந்து மோதுகின்றது. காற்றிலே உப்பும் புகையும் கலந்திருந்தன.

அந்தப் புகைக்கு ஒரு காரணம் உண்டு. ஐலாவிலே பெருமரங்கள் குறைவு, நிலக்கரியும் இல்லை. ஆனால் சதுப்பு நிலம் மிகுதி. பாசியும் புதர்ச்செடிகளும் நீரிலே ஊறி, காற்றுப் புகாமையால் முழுவதும் மக்கிப் போகாமல், அடுக்கடுக்காகப் படிந்து, கறுத்த மண்போல் ஆகின்றன. இதனைப் 'பீற்' என்பர். கோடை தொடங்கும் காலத்தில் இதனைச் செங்கல் வடிவில் வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி எரிப்பர். இந்த மண் ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே வளருமாம். அப்படியானால், ஒரு மீற்றர் ஆழம் வெட்டுகின்றவனின் மண்வெட்டி ஆயிரம் ஆண்டு ஆழத்தைத் தொடுகின்றது. பெருநிலப்பரப்பிலே புகைவண்டிப் பாதைகள் வந்தபோது நிலக்கரியும் வந்தது. அங்குள்ள வடிசாலைகள் பலவும் பீற் புகையைக் கைவிட்டன. கடல் நடுவே கிடந்த ஐலாவோ தன் காலடி மண்ணையே எரித்துவந்தது. வறுமையாலும் தனிமையாலும் வந்த வழக்கம், பின்னாளிலே அத்தீவின் புகழாயிற்று.

விஸ்கி செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, நாம் பயறு முளைகட்டுவதுபோல் முளைகட்டுகின்றனர். லப்ரோய்க்கிலே ஒரு பகுதியை இன்றும் கல்தரையில் பரப்பி, ஆட்கள் புரட்டிப் புரட்டி முளைக்கச் செய்கின்றனர். முளை உரிய அளவுக்கு வந்ததும், ஈரம் உலருமுன் அடியிலே பீற் மூட்டிப் புகைகாட்டுகின்றனர். ஈரமான மணியிலேதான் புகை நன்றாகப் பற்றும்; உலர்ந்தபின் பற்றுவதில்லை. பின்னர் அதனை அரைத்து, வெந்நீரில் இனிப்பைப் பிரித்து, புளிக்கவைத்து, செப்பு வாலையிலே இருமுறை வடிக்கின்றனர். முளைகட்டிய வாற்கோதுமை, நீர், நொதி ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் சேராமல், ஒரே வடிசாலையில், செப்பு வாலையில் வடித்ததற்கே 'சிங்கிள் மோல்ட்' என்று பெயர்.

புகையின் மணத்தைத் தாங்கி வருவது பீனோல் என்னும் இனத்தைச் சேர்ந்த பொருள்கள். லப்ரோய்க்கின் முளைதானியத்திலே இவை பத்து லட்சத்தில் நாற்பது பங்கு அளவிலும், ஆர்ட்பெக்கில் ஐம்பத்தைந்து பங்கு அளவிலும் இருக்கும். இவ்வகை விஸ்கியை முதன்முறை முகர்வோர், "இதென்ன, ஆசுபத்திரி மணக்கிறதே!" என்று வியப்பர். அது வெறுங் கற்பனையன்று. 1865ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிலே ஜோசப் லிஸ்ரர் என்னும் அறுவை மருத்துவர் காயங்கள் அழுகாதிருக்கக் கார்பாலிக் அமிலத்தை இட்டார். நம் வீடுகளில் முன்னர் புழங்கிய கார்பாலிக் சவர்க்காரத்துக்குப் பெயர் தந்ததும் அதுவே. கார்பாலிக் அமிலம் என்பது பீனோலின் மறுபெயர். எனவே ஆசுபத்திரியின் மணமும் ஐலாவின் மணமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

வாலையிலிருந்து வடிந்து வரும்போது விஸ்கி தண்ணீர்போல் நிறமற்றது, நாவைச் சுடுவது. அதனை விஸ்கி என்று அழைக்கவும் சட்டம் இடந்தராது. ஓக் மரப் பீப்பாவிலே, ஸ்கொட்லாந்து மண்ணிலே, குறைந்தது மூன்று ஆண்டு இருந்தாலன்றி அதற்கு அந்தப் பெயர் இல்லை. பெயர் பெறுவதற்கே மூன்று ஆண்டு காத்திருக்கும் பிள்ளை அது!

பீப்பாவின் கதை தனிக்கதை. பெரும்பாலான பீப்பாக்கள் புதியவையல்ல. அமெரிக்காவிலே பேர்பன் விஸ்கியை, உட்புறம் தீயிற் கருக்கிய புதிய ஓக் பாத்திரத்திலேயே வைத்தல் வேண்டும் என்பது விதி. ஒருமுறை பயன்பட்ட பீப்பா அவர்களுக்கு அந்தத் தொழிலுக்கு உதவாது. அது கடல்கடந்து ஸ்கொட்லாந்துக்கு வருகின்றது. ஒருவன் கழித்ததை மற்றொருவன் கருவியாக்குகின்றான். கருகிய மரம் மூன்று வேலை செய்கின்றது. முதலாவது, தன்னிடமுள்ளதைக் கொடுக்கின்றது. ஓக் மரத்தில் உள்ள லக்டோன் என்னும் பொருள் தேங்காயின் மணத்தைத் தரும். மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலா மணத்தைத் தரும். நமது கராம்பிலே உள்ள யூஜினோலும் அதில் உண்டு. இரண்டாவது, புதுச்சாராயத்தின் கந்தக நெடியைக் கரி உறிஞ்சிக்கொள்கின்றது. மூன்றாவது, மரத்தின் நுண்துளைகள் வழியே காற்றை மெல்ல மெல்ல உள்ளே விட்டு, உள்ளிருப்பதை மாற்றுகின்றது. நம் நாட்டவர்க்கும் இது புதிதன்று. தென்னஞ் சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளிலே முதிரவைக்கும் வழக்கம் இலங்கையில் உண்டு. அம்மரத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே 'திருகோணமலை மரம்' என்பதாகும்.

கொடுப்பதும் எடுப்பதும் மாத்திரமன்று. மரம் இழக்கவும் விடுகின்றது. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் பீப்பாவிலுள்ளது ஆவியாகிப் போகும். இதனைத் தேவதூதரின் பங்கு என்பர் அந்நாட்டார். இருநூறு லீற்றர் பீப்பா ஒன்று இருபத்தைந்து ஆண்டு கிடந்தால், எஞ்சுவது நூற்றிருபது லீற்றர் அளவுதான் என்று கணக்கிடலாம். ஸ்கொட்லாந்தின் குளிர்ந்த ஈரக்காற்றிலே வலுவும் குறைந்துகொண்டே வரும். நூற்றுக்கு அறுபத்துமூன்றரை என்ற அளவில் நிரப்பியது, கால் நூற்றாண்டின் பின் ஐம்பதை அண்டியும் அதற்குக் கீழும் வந்துவிடும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் விஸ்கி என்று விற்க இயலாது. ஆகவே பண்டகசாலைக் காவலர் ஒவ்வொரு முதுபீப்பாவையும் ஒரு நோயாளியைப் போல் அவ்வப்போது திறந்து, முகர்ந்து, அளந்து பார்க்கின்றனர். இன்னும் ஓராண்டு விட்டால் சிறக்குமா, அல்லது மரமே மேலோங்கிக் கசந்துவிடுமா என்பதை அறியும் கருவி அவர்களுடைய மூக்குத்தான். முதுமையெல்லாம் மேன்மை என்ற நினைப்பு அந்தப் பண்டகசாலையிலே செல்லாது. நிறத்தைக் கண்டு வயதை நம்புவதும் கூடாது. கருகிய சீனியின் நிறத்தைச் சேர்ப்பதற்குச் சட்டம் இடமளித்திருக்கின்றது.

கடைகளில் விற்பனையாகும் விஸ்கி பெரும்பாலும் நீர் சேர்த்து நாற்பது, நாற்பத்துமூன்று என்ற வலுவுக்கு இறக்கப்பட்டது. சிலவற்றை மாத்திரம் பீப்பாவில் இருந்த வலுவிலேயே, நீர் கூட்டாது போத்தலில் அடைக்கின்றனர். லப்ரோய்க்கின் பத்தாண்டு விஸ்கி அவ்வாறு வரும்போது அதன் வலு நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் நிற்கும். இது வீரம் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. எவ்வளவு நீர் சேர்ப்பது என்ற தீர்மானத்தைத் தொழிற்சாலை தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் சுவைப்பவன் கையில் கொடுத்துவிடுகின்றது, அவ்வளவுதான். முப்பது மில்லிலீற்றர் அளவான, ஐம்பத்தெட்டு வலுவுள்ள விஸ்கியை நாற்பதுக்குக் கொண்டுவர ஏறத்தாழப் பதின்மூன்று மில்லிலீற்றர் நீர் போதும். ஆனால் அதனை ஒரேயடியாக ஊற்றுபவனை எமது நண்பர் மன்னிக்க மாட்டார். ஒரு சிறு கரண்டியால் துளித்துளியாக விடவேண்டும் என்பது அவர் கட்டளை.

நீர் ஏன் மணத்தை எழுப்புகின்றது? 2017ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுக் கல்மார் நகரிலிருந்து கார்ல்சன், பிரீட்மன் என்னும் இரு ஆய்வாளர் இதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டனர். புகைமணத்தைத் தரும் பொருள்களுள் ஒன்றாகிய குவையக்கோல் என்பதை அவர்கள் கணனிக் கணிப்பின் வழியே ஆராய்ந்தனர். மதுசாரத்தின் வலு மிகுந்திருக்கும்போது அப்பொருளை மதுசார அணுத்திரள்கள் சூழ்ந்து உள்ளேயே பிடித்துவைத்திருக்கும். நீர் சேர்ந்து வலு நாற்பத்தைந்துக்குக் கீழ் இறங்கியதும் அது திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வரும். மேலே வந்தால் மூக்குக்கு எட்டும். கிழவர்கள் பழக்கத்தால் அறிந்திருந்ததற்கு விஞ்ஞானம் காரணங் கூறியது. அளவு மீறினால் யாவும் நீர்த்துப்போகும் என்பதைக் கூற விஞ்ஞானம் வேண்டியதில்லை.

இனிச் சுவையைச் சொல்வோம். எமது நண்பர் அன்றிரவு இரண்டு கிண்ணங்களை எம்முன் வைத்தார். வாய் குறுகி அடி அகன்ற கண்ணாடிக் கிண்ணங்கள் அவை. ஒன்றிலே பத்தாண்டு, மற்றொன்றிலே இருபத்தைந்து ஆண்டு. இரண்டும் லப்ரோய்க், இரண்டும் பீப்பாவின் வலு குறைக்கப்படாதவை. ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் இல்லை. இளையதை மூக்கின் அருகே கொண்டுபோனதும் புகை முகத்தில் அறைந்தது. ஊமல் எரியும் அடுப்பு, மாசிக் கருவாடு, தாரிட்ட வள்ளம், காயத்துக்கு இடும் அயடீன் ஆகிய நான்கும் ஒருமித்து வந்தாற்போலிருந்தது. ஒரு துளியை நாவில் இட்டபோது முதலில் எரிந்தது, பின் உப்பாயிற்று, விழுங்கியபின், சாம்பலின் நடுவே எங்கிருந்தோ ஓர் இனிப்பு எழுந்தது. சில துளி நீர் விட்டதும் அந்த இனிப்பு முன்னே வந்து, புகை ஓரடி பின்னே நின்றது.

மூத்தது அப்படியன்று. அதிலே புகையைத் தேடவேண்டியிருந்தது. முதலில் பழுத்த பழமும் வனிலாவும். பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போன்ற ஒரு வாசம். அதன் பின்னரே புகை. அடுப்பு அணைந்து நெடுநேரமான பின்னும் சமையலறைச் சீலையிலே தங்கியிருக்கும் புகை அது. காலம் செல்லச் செல்லப் பீனோல்களின் வேகம் தணிந்துவிடும் என்று நண்பர் சொன்னார். இளையது தன்னிடம் இருப்பதையெல்லாம் உடனே சொல்லிவிட்டது. மூத்தது கேட்டாற்றான் சொல்லியது. கேட்பதற்கு எமக்கு ஒரு மணித்தியாலம் சென்றது. அந்த இரண்டு மேசைக்கரண்டி முடிவதற்கும் அதே ஒரு மணித்தியாலம்தான் சென்றது. மயங்குவதற்காகக் குடிப்பவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம் வீண். சுவைப்பவனுக்கு அதுவே பயன். வலு மிகுந்த பானத்தைக் குறைந்த அளவில் நெடுநேரம் சுவைப்பது விந்தைபோல் தோன்றும். உண்மையிலே அந்த வலுதான் அவனை மெல்ல நடக்கச் செய்கின்றது.

மறுநாட் காலை, கடலோரப் பண்டகசாலையிலே நின்றபோது எமக்கு வேறொரு நினைவு வந்தது. இரவு நாம் சுவைத்த மூத்த விஸ்கியின் பீப்பாவை நிரப்பியவர் யார்? அதற்காகப் பீற் வெட்டியவர் யார்? அவர்களிற் சிலர் இளைப்பாறியிருப்பர், சிலர் இறந்திருப்பர். தாம் நிரப்பியதன் சுவையை அறியாமலே நிரப்பினர். அத்தீவின் வரலாற்றிலே இத்தகைய நம்பிக்கைக்குச் சான்றுகள் உண்டு. 1934ஆம் ஆண்டிலே பெஸி வில்லியம்சன் என்னும் இளம்பெண் கிளாஸ்கோவிலிருந்து லப்ரோய்க்குக்குத் தற்காலிக எழுத்து வேலைக்கு வந்தார். சில மாத வேலைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1954இல் வடிசாலை உரிமையாளராகிய இயன் ஹன்ரர் காலமானபோது, அதனை அவரிடமே விட்டுச்சென்றார். ஆண்களின் தொழிலென்று கருதப்பட்ட அதனை, 1972இல் இளைப்பாறும் வரை அப்பெண்மணி நடத்தினார். அவர் தமது கடைசி ஆண்டில் நிரப்பிய பீப்பாக்கள் பத்து வயது அடைந்த ஆண்டில், 1982இல், அவர் மறைந்தார்.

மற்றொரு சான்று துயரமானது. அதே கரையில் உள்ள போர்ட் எலன் வடிசாலை 1983ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. உலகில் விஸ்கி தேவைக்கு மேல் பெருகிவிட்டது என்பது காரணம். வேலை போனவர் போயினர், வாலைகள் குளிர்ந்தன. ஆனால் நிரப்பிய பீப்பாக்கள் இருட்டிலே தம் வேலையை நிறுத்தவில்லை. வடிசாலை இறந்தபின் அதன் பிள்ளைகள் வளர்ந்து, உலகிலே மிக விலையுயர்ந்த விஸ்கிகளுள் சேர்ந்தன. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட உறக்கத்தின் பின், 2024இல் அவ்வடிசாலை புதிதாகக் கட்டப்பட்டு மறுபடியும் திறந்தது. புகழைக் கண்டு திறந்தார்கள். அந்தப் புகழைத் தேடித்தந்த கைகளோ வேலையில்லாது வீடு சென்ற கைகள்.

ஊருக்கு வந்தபின் இவற்றையெல்லாம் எமது சின்னம்மாவிடம் சொன்னோம். அவர் வீட்டிலே சாராயம் என்ற சொல்லையே எவரும் உரக்கச் சொல்வதில்லை. சித்தப்பா இரண்டு பரப்புத் தோட்டத்தைக் குடித்தார். பின்னர் தம் ஈரலையும் குடித்தார். சின்னம்மா பாய் இழைத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். நாம் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "உதையும் குடிச்சால் வெறிக்காதோ, தம்பி?" என்றார்.

"வெறிக்கும், சின்னம்மா" என்றோம். வேறென்ன சொல்வது? ஓக் மரமும் இருபத்தைந்து ஆண்டும் சேர்ந்தாலும் மதுசாரம் மதுசாரமே. அளவு எவ்வளவாயினும் உடலுக்குத் தீங்கற்ற மது என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியதையும் நாம் மறைக்கவில்லை.

சிறிது நேரம் கையிலிருந்த ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தென்னை வைச்சவன் தின்டு சாவான், பனை வைச்சவன் பார்த்துச் சாவான் எண்டு சொல்லுறது. உந்தப் பீப்பாக்காரரும் பனை வைச்ச ஆக்கள்தான்" என்றார். பிறகு, "ஆனால், பனை வைச்சவன்ரை பேரப்பிள்ளை பட்டினி கிடக்காது. உது ஆற்றை பேரப்பிள்ளையின்ரை வயித்தை நிரப்புது?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அக்கேள்விக்குப் பாதி விடை உண்டு. அந்தக் குளிர்ந்த தீவிலே, மூவாயிரம் பேரிற் பலருடைய அடுப்பு அதனாலேயே எரிகின்றது. மறுபாதி விடை சித்தப்பாவின் தோட்டத்தில் இருக்கின்றது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்கு முடிக்க நாம் துணியவில்லை. விஸ்கியை நாவாற் சுவையாத ஒருவர், அதன் உள்ளே இருக்கும் பொறுமையை எம்மினும் விரைவாகக் கண்டுகொண்டார் என்பது மாத்திரம் உறுதி.

இதனை வாசிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். சுவைத்தல் என்னும் கலைக்கு மது வேண்டியதில்லை. ஒரு கிண்ணந் தேநீரை எடுத்து, அது எந்த மலையில் விளைந்தது, எவர் கை கிள்ளியது, எந்த நெருப்பில் உலர்ந்தது என்று எண்ணி, மணத்தையும் துவர்ப்பையும் வேறுவேறாக அறிந்து அருந்துபவன் அந்தக் கலையைக் கற்றவனே. அவசரமாக விழுங்குபவனுக்கு இருபத்தைந்து ஆண்டும் ஒன்றே, மூன்று ஆண்டும் ஒன்றே. ஐலாவின் பண்டகசாலையில் இன்றும் எவரோ ஒருவர் ஒரு பீப்பாவை நிரப்பி, அடைப்பை அறைந்து, ஆண்டை எழுதிவிட்டு விளக்கை அணைத்துச் செல்வார். அதைத் திறக்கும் நாளில் அங்கு நிற்பவர் வேறொருவராக இருக்கலாம் என்பதை அவர் அறிவார். அறிந்தும், அடைப்பை இறுக்கமாகவே அறைகின்றார்.